இறக்கை எவ்வளவு நீளலாம்?

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் காலை நேரத்தில் கடைசிப் பெட்டியில் இறங்கி முன்பக்கப் படிக்கட்டு வரை நடப்பவர்களுக்கு 12 பெட்டி லோக்கல் ட்ரெயினின் நீளம் காலால் தெரியும். ஒரு பெட்டி ஏறத்தாழ 21 மீட்டர். மொத்தம் 250 மீட்டருக்குச் சற்று மேலே. டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம் கடலுக்கென்று செய்யும் வி-236 காற்றாலையின் இறக்கைகள் சுழலும்போது உண்டாகும் வட்டத்தின் விட்டம் 236 மீட்டர். அதாவது அந்த ட்ரெயினில் 11 பெட்டிகளைச் செங்குத்தாக நிறுத்திச் சுற்றிவிட்ட அளவு. சீனாவின் தோங்ஃபாங் எலெக்ட்ரிக் நிறுவனம் 2024 அக்டோபரில் காட்டிய 26 மெகாவாட் எந்திரத்துக்கு 310 மீட்டருக்கு மேல் விட்டம். அதற்கு 12 பெட்டியும் போதாது.

இதே ஊரைக் கடக்கும் ஜி.எஸ்.டி. சாலையில், ஊர் அடங்கிய பிறகு, காற்றாலை இறக்கை ஏற்றிய நீண்ட லாரிகள் தெற்கே ஊர்ந்து போவதுண்டு. செங்கல்பட்டைத் தாண்டி மாமண்டூரில் காற்றாலையின் உச்சிப் பெட்டியை, அதாவது ஜெனரேட்டர் உட்காரும் பெட்டியைக் கோக்கும் ஆலையைக் கமேசா நிறுவனம் தொடங்கியது. நம் பக்கத்துச் சாலைகளுக்கு இந்தச் சரக்கு புதிதல்ல. ஆனால் சாலைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. இப்போது தமிழ்நாட்டில் நடப்படும் பெரிய தரைக் காற்றாலைகளில் ஒன்றான சுஸ்லான் எஸ்-144-இன் இறக்கை சுமார் 70 மீட்டர். அதை ஏற்றிய லாரியே பாலத்துக்கும் மின்கம்பிக்கும் பயந்து பயந்துதான் போகிறது. வி-236-இன் 115 மீட்டர் இறக்கையை நெல்லிக்குப்பம் சாலைச் சந்திப்பில் திருப்ப நினைத்தால் கடைகளை இடித்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும்.

கடலில் சந்திப்பும் இல்லை, வளைவும் இல்லை. துறைமுகத்தை ஒட்டியே ஆலை, ஆலை வாசலிலேயே கப்பல். அதனால்தான் தரைக் காற்றாலை நின்றுவிட்ட இடத்தைத் தாண்டிக் கடல் காற்றாலை வளர முடிந்தது. ஆனால் இது வளர்வதற்குக் கிடைத்த அனுமதி மட்டும்தான். எதற்காக வளர வேண்டும் என்பதற்கான காரணம் வேறு.

பொதுவாகச் சொல்லப்படும் காரணம், உயரப் போனால் காற்று வேகம் கூடும் என்பது. தரைக்கு அது முழு உண்மை. வீடும் மரமும் மேடும் காற்றைத் தடுப்பதால் 50 மீட்டரிலிருந்து 150 மீட்டருக்கு ஏறினால் கண்கூடான லாபம் கிடைக்கும். கடல்மேல் தடுக்க ஒன்றுமில்லை. தாழ்வான உயரத்திலேயே காற்று நன்றாக வீசுகிறது, மேலே ஏற ஏறக் கூடுவது கொஞ்சம்தான். கடல் காற்றாலையின் தூண் உயரமாக இருப்பது காற்றைத் தேடி அல்ல. இறக்கையின் கீழ்நுனி அலைக்கு மேல் 20, 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதற்காக. எனவே கேள்வி இறக்கையைப் பற்றியது.

காற்றிலிருந்து எடுக்கக்கூடிய சக்தி இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, இறக்கைகள் அளக்கும் வட்டத்தின் பரப்பு. இறக்கை இரண்டு மடங்கு நீண்டால் பரப்பு நான்கு மடங்காகும். மற்றொன்று, காற்றின் வேகம். இது மும்மடிக் கணக்கு. வேகம் விநாடிக்கு 10 மீட்டரிலிருந்து 8 மீட்டராகக் குறைந்தால் சக்தி பாதியாக விழுந்துவிடும். இதில் முழுவதையும் எடுக்கவும் முடியாது. எடுத்துவிட்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுபோகும், அடுத்த காற்று உள்ளே வர வழியிருக்காது. ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் வகுத்த கணக்குப்படி உச்சவரம்பு 59.3 சதவீதம். இன்றைய நல்ல எந்திரங்கள் 45 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகின்றன. இறக்கையின் வடிவத்தைச் செதுக்கி இனிமேல் பெறக்கூடியது சொற்பம் என்று பொருள். காற்றின் வேகத்தை நாம் கூட்ட முடியாது. மிச்சம் இருப்பது பரப்பு ஒன்றுதான்.

வி-236 அளக்கும் பரப்பு 43,000 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது ஒவ்வொரு விநாடியும் அந்த வட்டத்துக்குள் நுழையும் காற்றின் எடை ஏறத்தாழ 500 டன்.

பரப்பைக் கூட்டினால் மின்சாரம் கூடுகிறது, சரி. எடை? நீள அகல உயரம் மூன்றும் ஒன்றாக வளரும் எந்தப் பொருளுக்கும் எடை மும்மடியாகப் பெருகும். இறக்கை இரட்டித்தால் வருமானம் நான்கு மடங்கு, செலவு எட்டு மடங்கு. இந்தக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் சின்னக் காற்றாலைதான் லாபம். பொறியாளர்கள் எட்டு மடங்கு எடையை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கண்ணாடி இழையோடு கரிம இழையைச் சேர்த்தார்கள், உள்ளே பால்சா மரத்தையும் நுரையையும் வைத்தார்கள், சுமை விழாத இடத்தில் தடிமனைச் சுரண்டினார்கள். எடை வளர்ச்சி மட்டுப்பட்டது. ஆனாலும் பரப்பின் வளர்ச்சியைவிட அது வேகமாகத்தான் இருக்கிறது.

அப்படியிருந்தும் கடலில் பெரிய எந்திரம் லாபம் தரக் காரணம், கடல் காற்றாலைத் திட்டத்தின் மொத்தச் செலவில் எந்திரத்தின் பங்கு பாதிக்கும் கீழே என்பதுதான். மீதியெல்லாம் அதை நிறுத்தும் செலவு. கடலடியில் அடித்து இறக்கும் எஃகுக் குழாய்த் தூண், அதை இறக்கும் கப்பல், கால் ஊன்றி நின்று எந்திரத்தைத் தூக்கி வைக்கும் இன்னொரு கப்பல், கடலடிக் கேபிள், பிறகு 25 வருஷம் படகில் போய் வரும் பராமரிப்பு ஆட்கள். இவற்றில் பெரும்பகுதி எத்தனை எந்திரம் என்பதற்கு ஏற்ப ஏறும். எந்திரம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஏற்ப அவ்வளவாக ஏறாது. 500 மெகாவாட் வேண்டும் என்றால் 450 கிலோவாட் எந்திரங்கள் 1,100-க்கு மேல் தேவைப்படும். 15 மெகாவாட் என்றால் 34 போதும். 34 தூண், 34 முறை கப்பல் வேலை. இந்த ஓர் எண்ணிக்கைதான் முப்பது ஆண்டுகளாக இறக்கையை இழுத்து நீட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

450 கிலோவாட் என்பது நான் சும்மா எடுத்துக்கொண்ட எண் அல்ல. உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 1991-இல் டென்மார்க்கின் விண்டபி அருகே நிறுவப்பட்டபோது அங்கே நின்றவை 450 கிலோவாட் எந்திரங்கள் 11. சுழல்வட்ட விட்டம் 35 மீட்டர். 2017-இல் பிரித்தெடுக்கப்படும் வரை அந்தப் பதினொன்றும் சேர்ந்து தந்தது சுமார் 24.3 கோடி யூனிட். இன்றைய 15 மெகாவாட் எந்திரம் ஒன்று, தன் முழுத் திறனில் 40 சதவீதம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 5 கோடி யூனிட்டுக்கு மேல் தரும். விண்டபியின் ஆயுள் முழுவதையும் ஒற்றை எந்திரம் ஐந்து ஆண்டுக்குள் முடித்துவிடும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஜெனரேட்டர் திறன் 33 மடங்கு கூடியிருக்கிறது. சுழல்வட்டப் பரப்போ 45 மடங்கு. ஜெனரேட்டரைவிட இறக்கை வேகமாக வளர்ந்திருக்கிறது. பலத்த காற்றுக்காகக் காத்திருக்காமல் மிதமான காற்றிலேயே கூடுதல் நேரம் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. மெகாவாட் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் கண்ணில் படாத மாற்றம்; நம் கடலுக்கு அதிகம் பொருந்துவதும் இதுதான்.

வரலாற்றில் இப்படிப் படிப்படியாக வளர்ந்ததற்கு நேர்மாறாக, ஒரே தாவலில் பெரிதாகச் செய்துபார்த்தவர்களும் உண்டு. 1941-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மலையொன்றில் 53 மீட்டர் விட்டமுள்ள 1.25 மெகாவாட் காற்றாலையை நிறுத்தினார்கள். அந்தக் காலத்துக்கு அது ராட்சசன். 1945-இல் ஓர் இறக்கை முறிந்து பறந்தது; எந்திரம் பிறகு ஓடவேயில்லை. ஜெர்மனி 1983-இல் க்ரோவியன் என்ற 3 மெகாவாட் எந்திரத்தைக் கட்டியது. 100 மீட்டர் விட்டம். மொத்தத்தில் அது ஓடியது சுமார் 420 மணி நேரம், பிறகு இடித்தார்கள். இவற்றில் வேலை செய்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். க்ரோவியன் காலத்திலேயே டென்மார்க்கில் சின்னச் சின்ன நிறுவனங்கள், விவசாயக் கருவி செய்துகொண்டிருந்த வெஸ்டாஸ் போன்றவை, 55 கிலோவாட் போன்ற சின்ன அளவுகளில் தொடங்கி, உடைந்ததைத் திருத்தி, அடுத்த அளவுக்கு ஏறி, அதில் உடைந்ததைத் திருத்தி மேலே போயின. க்ரோவியனின் விட்டத்தைத் தொழில் பிறகு தாண்டியது. படிப்படியாக ஏறித் தாண்டியது.

பெரிய இறக்கை எங்கே உடையும் என்பதும் சுவாரசியமானது. காற்று தள்ளும் சுமை பெரும் பிரச்சினை இல்லை. எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் வளர்த்தால் காற்றினால் இறக்கையில் உண்டாகும் அழுத்தம் ஏறத்தாழ மாறாது. இறக்கையின் சொந்த எடையால் உண்டாகும் அழுத்தம்தான் நீளத்தோடு கூடிக்கொண்டே போகிறது. கிடைமட்டமாக வரும்போது ஒரு பக்கம் வளைகிறது. அரைச் சுற்று முடிந்ததும் மறுபக்கம் வளைகிறது. 240 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை நிமிடத்துக்கு ஏழு, ஏழரைச் சுற்றுதான் சுற்றும். பார்க்க மந்தமாக இருக்கும். ஆனால் 25 ஆண்டில் அது 7, 8 கோடிச் சுற்று. அத்தனை முறையும் 60 டன் இறக்கை தன் வேரில் முன்னும் பின்னும் வளைந்தாக வேண்டும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மந்தமாகச் சுற்றுகிறதே என்று நுனியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதே ஏழரைச் சுற்றில் இறக்கை நுனி மணிக்கு 340 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இரைச்சல் காரணமாகத் தரையில் பொதுவாக இந்த வேகத்துக்குப் போவதில்லை. கடலில் கேட்க ஆளில்லை என்பதால் கூட்டினார்கள். அந்த வேகத்தில் மழைத்துளி துளியாக இருப்பதில்லை, உளியாகிவிடுகிறது. இறக்கையின் முன்விளிம்பு அரித்துப் போய், சில ஆண்டுகளிலேயே கயிற்றில் தொங்கிக்கொண்டு பூச்சு போட ஆள் போக வேண்டியிருக்கிறது.

2024 ஜூலையில் அமெரிக்காவின் வைன்யார்ட் விண்ட் பண்ணையில் 107 மீட்டர் இறக்கை ஒன்று முறிந்தது. உடைந்த நுரைத் துண்டுகளும் இழைத் துண்டுகளும் நான்டக்கெட் தீவின் கடற்கரையில் ஒதுங்கின; கோடை சீசன் நடுவே கடற்கரையை மூடினார்கள். ஆலையில் ஒட்டு சரியாகப் பிடிக்காததுதான் காரணம் என்று தயாரித்த ஜி.இ. வெர்னோவா நிறுவனமே ஒப்புக்கொண்டது. 107 மீட்டர் நீளத்துக்குப் பசை ஒரே சீராகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது 35 மீட்டர் விட்டத்துக் காலத்தில் இல்லாத வேலை. மேலும் மேலும் பெரிதாக்கும் இந்த ஓட்டத்தில் கப்பல்காரர்கள் நிலையும் பரிதாபம். 8 மெகாவாட்டுக்கு என்று கட்டிய கப்பல், கடன் தீர்வதற்குள் 15 மெகாவாட்டுக்குச் சின்னதாகிப் போனது. அச்சு வார்ப்பு, கிரேன், துறைமுகத் தளம் எல்லாவற்றுக்கும் இதே கதை. போதும், நுனி உயரம் 1,000 அடியைத் தாண்ட வேண்டாம், சில காலம் ஒரே அளவில் நின்று கற்றுக்கொள்வோம் என்று நெதர்லாந்தின் காற்றாற்றல் தொழில் சங்கமே கேட்டுக்கொண்டது. ஐரோப்பியர் வேகத்தைக் குறைக்க, சீன நிறுவனங்கள் குறைக்கவில்லை.

இனி நம் கடல். தமிழ்நாட்டுக் காற்றாலையின் கதையும் 55 கிலோவாட்டில்தான் தொடங்கியது. 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் நட்ட செயல்விளக்க எந்திரங்கள் அந்த அளவுதான். பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலில், காற்றாடிக் காடு எழுந்தது. இன்று மாநிலத்தில் 11,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களில் தொண்ணூறுகளின் 250 கிலோவாட் குள்ளர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவற்றை எடுத்துவிட்டுப் பெரியதை வைக்க 2024-இல் மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

கடலுக்கான ஆய்வுகளின் மையம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம், 1998-இல் வேறு பெயரில் தொடங்கியது. கயத்தாற்றில் அதற்குச் சோதனை நிலையம். தனுஷ்கோடியில் 100 மீட்டர் அளவைக் கம்பம். நாட்டின் கடலோரங்களிலேயே வலுவான காற்று மன்னார் வளைகுடாவில் வீசுகிறது என்பது அளந்து கண்ட முடிவு. தமிழ்நாட்டுக் கடலில் 35,000 மெகாவாட் வரை எடுக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2015-இல் தேசியக் கொள்கை வந்தது. 2024 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது: குஜராத்தில் 500, தமிழ்நாட்டில் 500 மெகாவாட்டுக்கு உதவித்தொகை, அதற்குள் 600 கோடி இரண்டு துறைமுகங்களைச் செப்பனிட. தமிழ்நாட்டுக் கடல்தரையைக் குத்தகைக்கு விட 2024-இல் கோரிய டெண்டர் 2025-இல் கைவிடப்பட்டது. இந்தியக் கடலில் மின்சாரம் தரும் காற்றாலை இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

வளைகுடாவின் மறுகரையில், இலங்கையின் மன்னார் தீவில், 'தம்பபவனி' என்ற பெயரில் 3.45 மெகாவாட் எந்திரங்கள் 30 நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறந்தார்கள். அவை நிற்பது கரையில். வலசைப் பறவைகளின் வழியில் மேலும் காற்றாலை வேண்டாம் என்று அத்தீவு மக்கள் போராடிய செய்தியும் நமக்குத் தெரியும்.

சரி, மன்னார் வளைகுடாவில் முதலில் நடப்போவது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? உள்ளதிலேயே பெரியதை வாங்கிவிடலாம் என்று தோன்றும். மேலே சொன்ன எண்ணிக்கைக் கணக்கு அதைத்தான் சொல்கிறது. தூண் குறைந்தால் கடலடியைக் குடைவதும் குறையும். 21 தீவுகளைக் கொண்ட தேசியக் கடல் பூங்காவும், ஆவுளியா என்னும் கடல்பசுவும் உள்ள நீர் இது. தூணை அடித்து இறக்கும் ஓசை தண்ணீருக்குள் பல கிலோமீட்டர் போகும். மீனவருக்கும் பெரிய எந்திரம் ஒரு வகையில் நல்லது. எந்திரத்துக்கு எந்திரம் விட்டத்தைப் போல் ஏழு மடங்கு இடைவெளி விட வேண்டும் என்பதால் 236 மீட்டருக்கு 1.6 கிலோமீட்டருக்கு மேல் வழி கிடைக்கும். நாட்டுப்படகு அதற்குள் தாராளமாகப் போகும். விசைப்படகின் இழுவலை கேபிளில் மாட்டுமா என்பது வேறு கேள்வி. அதை முள்ளக்காட்டிலும் வேம்பாரிலும் மண்டபத்திலும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

ஆனால் ஐரோப்பாவின் வட கடலின் கணக்கை அப்படியே இங்கே இறக்க முடியாது. 30 டிகிரி வெயிலில் காற்று லேசாகிவிடுகிறது. 10 டிகிரி வட கடல் காற்றைவிட ஏறத்தாழ 7 சதவீதம் அடர்த்தி குறைவு. அதே வேகத்தில் வீசினாலும் மின்சாரம் அந்த அளவுக்குக் குறையும். அங்கே 15 மெகாவாட் எட்டும் வேகத்தில் இங்கே எட்டாது. இரண்டாவது, புயல். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும், 2018 நவம்பரில் வேதாரண்யத்தில் கரையேறிய கஜாவும் இந்தப் பக்கத்துப் புயல்கள்தான். 2024 செப்டம்பரில் யாகி புயல் சீனாவின் ஹைனான் தீவைத் தாக்கியபோது கரையில் நின்ற காற்றாலைகள் சில முறிந்து விழுந்தன. மூன்றாவது, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில்தான் மின்சாரம் கொட்டும். அதே மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் பழுது பார்க்கப் படகு போக முடியாத நாட்களும் அதிகம். ஜூனில் நின்றுபோன பெரிய எந்திரம் செப்டம்பர் வரை நின்றால் இழப்பும் பெரிது. 34-இல் ஒன்று நிற்பதும் 1,100-இல் ஒன்று நிற்பதும் ஒன்றல்ல.

கையிருப்பில் நமக்கு நல்லதும் உண்டு. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் காற்றாலை இறக்கைகளை ஏற்றி இறக்கிப் பழகிய துறைமுகம். உச்சிப் பெட்டி கோக்கத் தெரிந்தவர்கள், இறக்கை வார்க்கத் தெரிந்தவர்கள், பற்றவைக்கத் தெரிந்தவர்கள் சென்னையின் தென் புறநகரிலிருந்து திருநெல்வேலி வரை இருக்கிறார்கள். இல்லாதது, 600 டன் பெட்டியை 150 மீட்டர் உயரத்தில் கடல்மேல் தூக்கி வைக்கும் கப்பலும் அதில் வேலை செய்த அனுபவமும். எந்திரத்தை விலைக்கு வாங்கலாம். டென்மார்க்காரர்கள் 1991-இலிருந்து உடைத்து உடைத்துக் கற்றதை வாங்க முடியாது.

என் முடிவு இது. மன்னார் வளைகுடாவுக்குத் தேவை நீண்ட இறக்கை, அதற்கு அளவான ஜெனரேட்டர், புயலுக்கென்று சோதித்துச் சான்று பெற்ற உடல். சந்தையில் ஆகப் பெரியதற்கு ஒரு படி கீழே, வேறு கடலில் சில ஆண்டு ஓடிக் காட்டிய மாதிரி. அடுத்த டெண்டரை எழுதப்போகிறவர்கள் எந்திரத்தின் மெகாவாட்டுக்கு மதிப்பெண் போடாமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் தரும், பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்வோம் என்ற இரண்டு உறுதிமொழிகளுக்கு மதிப்பெண் போட வேண்டும். அதற்கு முன்பே, தனுஷ்கோடிக் கம்பமும் மற்றக் கருவிகளும் அளந்த காற்றுக் கணக்கை மீனவர் சங்கங்களும் கல்லூரி மாணவர்களும் படிக்கும்படி தமிழில் வெளியிட வேண்டும்.